காற்றுத் துளைக்கு வைத்த பொட்டு

குத்தகை விமானத்தைத் திருப்பிக் கொடுப்பது வாடகை வீட்டைக் காலி செய்வது போலத்தான். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த ஓட்டையைத் தேடுவார். விமானத்தின் சொந்தக்காரர் டார்ச் அடித்துத் தேடுவார். அந்த டார்ச்சுக்குப் பதில் சொல்வதே என் உத்தியோகமாக இருந்தது. நான் ஒப்படைத்த எந்த விமானத்தையும் எவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஓய்வுக்கு முன் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. ஓசூருக்கு வெளியே பராமரிப்புக் கூடத்தில் நின்ற ஒரு சிறிய பயணிகள் விமானம்.

அந்த ஓடுபாதையில் விளக்கு கிடையாது. பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரரின் ஆய்வாளர் கையெழுத்திட்டு, விமானம் கிளம்பியாக வேண்டும். ஒப்பந்தக் கெடு அன்றோடு சரி. மறுநாள் ஆனால் அது மறுக்கப்பட்ட விமானம். நானும் அப்படியே ஓய்வு பெற வேண்டும்.

மதியம் தாண்டி ஆய்வாளர் விமானத்தின் மூக்கருகே நின்றார். பறக்கும் உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டு விமானிக்குக் காட்ட அங்கே ஒரு சிறு துளை உண்டு. யாரும் கை வைக்கக் கூடாது என்று அதைச் சுற்றி வட்டம் வரைந்திருப்பார்கள். அந்த வட்டத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு நாளைக்கு முன்தான் ஆயுத பூஜை.

அயல்நாட்டுக்காரராக இருந்தால் விளக்கவே அரை நாள் போயிருக்கும். இவர் பெங்களூர்க்காரர். விளக்கத் தேவையில்லை, அதுதான் சிக்கல்.

“குங்குமம். நம்ம வீட்டிலயும் காருக்கு வைக்கிறோம் சார். பானட்ல வைப்போம். சைலன்சருக்குள்ள வைக்க மாட்டோம்” என்றார்.

விமானத்தை இழுக்கும் டிராக்டரை ஓட்டுகிற ராயக்கோட்டைக்காரர் முன்னால் வந்தார். கூடத்தில் பூஜை அவர் பொறுப்பு.

“நான்தானுங்க வச்சன். வட்டம் போட்டிருந்துச்சு. பொட்டுக்குத்தான் எடம் விட்டிருக்காங்கன்னு நெனச்சுட்டன்.”

“அப்ப உள்ள போயிருக்கும். மறுபடி டெஸ்ட் பண்ணணும்” என்றார் ஆய்வாளர்.

சோதனை பூஜைக்கு முன்பே முடிந்து, கருவி பெங்களூருக்குப் போய்விட்டது. அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து அது திரும்புவதற்குள் சூரியன் காத்திருக்காது.

டிராக்டர்காரரிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன். “அப்ப துளை மேல மூடி இருந்ததா?”

“சிவப்பு நாடா தொங்குமே, அதுங்களா? இருந்துச்சுங்க. அதுக்கும் சேத்துத்தான் வச்சன். அதை மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்கும்.”

கழற்றிய மூடிகளைப் போட்டு வைத்திருந்த பையிலிருந்து அதை எடுத்து வரச் சொன்னேன். அதன் ஓரத்தில் அரைப் பொட்டு. துளையின் மேல் வைத்துத் திருப்பினேன். விமானத்தின் மேலிருந்த அரைப் பொட்டோடு அது சேர்ந்து முழுப் பொட்டானது. மூடியின் உட்புறம் துடைத்து வைத்தது போல இருந்தது. சந்தனத்தில் குழைத்த குங்குமம். காய்ந்து ஒட்டியிருந்ததே தவிர உதிரவில்லை.

“மூடியை எப்ப எடுத்தீங்க?” என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

“இன்னைக்குக் காலையில, உங்க கண் முன்னால. எடுக்கச் சொன்னதே நீங்கதான்” என்றேன்.

அவர் மூடியை விலக்கி, டார்ச் அடித்துத் துளைக்குள் நெடுநேரம் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருந்தால் வெளியே துடைத்தால் போதும் என்று கையேட்டில் இருப்பதை நான் புரட்டாமல் சொன்னேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். டிராக்டர்காரர் தன் கையாலேயே பொட்டைத் துடைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

“டிராக்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சிருக்கனுங்க. அதையும் எடுத்துடட்டுங்களா?” என்றார்.

“டிராக்டர் எங்க குத்தகையில இல்லப்பா. நசுங்கினதைப் பெருக்கிடு, போதும்” என்று சொல்லிக்கொண்டே ஆய்வாளர் கையெழுத்திட்டார்.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் விமானம் எழும்பி, கிருஷ்ணகிரி மலைகள் இருக்கும் திசையில் திரும்பியது. கடைசிவரை ஒன்றுகூட வேண்டாம் என்று திரும்பவில்லை. விடைபெறும்போது எனக்குக் கடிகாரம் பரிசளித்தார்கள். அந்த மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரைப் பொட்டு இன்னும் அழியவில்லை.