பெயர் சொல்லாத சாமி

வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கோலாலம்பூர் புடுராயாவில் பேருந்து ஏறினேன். மலாக்காவுக்கு நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் ஆறு வெள்ளி எழுபத்தைந்து காசு. 1994-இல் அந்தக் காசுக்குக் குளிர்சாதனமும், இரண்டு மணி நேரம் ஓயாத ஒரு ஹாங்காங் சண்டைப் படமும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மடியில் இருந்த பையில் முப்பத்திரண்டு ஸ்லைடுகள். மனநல மருத்துவம் பயிலும் இளம் மருத்துவர்களுக்கு, வேறு வேறு இன மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். என் தகுதிகள் இரண்டு. எங்கள் மனநலத் துறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தோடு, நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அங்கே கிராணி. தோட்ட அலுவலக எழுத்தர். யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் வீடு மேட்டில், பால்வெட்டுத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பள்ளத்தில். ஓர் இடத்தில் பிறந்துவிட்டால் அந்த இடம் தெரிந்துவிடும் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தேன்.

காலை பத்தரைக்கு மருத்துவமனையில் வகுப்பு. பன்னிரண்டு பேர். “சாமி வருவதையெல்லாம் நோய் என்று எழுதிவிடாதீர்கள்” என்று ஆரம்பித்து, ஸ்லைடுகள் தீரும்வரை நான் ஓயவில்லை. இறுதியில் வார்டு மருத்துவர் டாக்டர் பரிதா, தன் நோயாளியை அவர் சம்மதத்தோடு அழைத்து வந்தார். சரோஜா, பால்வெட்டும் பெண், முப்பதைத் தாண்டியவர். நான் பிறந்த அதே தோட்டத்து ஆள்தான். காதில் ஒரு குரல், தூக்கமில்லை. வார்டில் சேர்ந்து மூன்று வாரம். மருந்தில் கொஞ்சம் தெளிந்திருந்தார்.

“எந்தச் சாமிம்மா பேசுது?” என்று என்னிடமுள்ள மிகப் பணிவான குரலில் கேட்டேன்.

“பேர் சொல்ல மாட்டேங்குது சார்” என்றார், கையைப் பிசைந்தபடி.

நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். வகுப்பின் பக்கம் திரும்பி, “பெயருக்கு அப்பாற்பட்ட தெய்வம்” என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பன்னிரண்டு பேனாக்கள் அதை எழுதிக்கொண்டன. அன்று மாலையே பரிதா என் சொல்லை நம்பிக் குறிப்பை மாற்றி எழுதினார்: நாளைக் காலை முதல் மருந்து வேண்டாம், திங்களன்று வீடு. மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் எனக்குக் கொடுத்த அறையில் பெருமையோடு தூங்கினேன்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு, நல்ல செய்தியை வீட்டாரிடம் சொல்ல நானும் பரிதாவும் வேனில் கிளம்பினோம். ஜாசின் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் சிறுவயதில் சைக்கிள் விட்ட ரப்பர் காடுகள் பாதிக்குமேல் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகியிருந்தன. ஒரு வளைவில் மட்டும் ரப்பர்ப்பால் புளித்த பழைய நாற்றம் சன்னலுக்குள் வந்தது. பரிதா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஆழ மூச்சிழுத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பாலேக் கம்போங்கா, என்சே?” என்றார். சொந்த ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன்.

பத்தே காலுக்குத் தோட்டம். முனியாண்டி கோவிலடியில் தோளில் துண்டோடு ஒருவர் எங்களை மறித்தார். கருப்பையா, வாரநாளில் செம்பனை லாரி ஓட்டுநர், வெள்ளி இரவு பூசாரி.

“யாரு நீங்க? எங்கேருந்து வர்றீங்க? எதுக்கு வந்தீங்க?”

பட்டங்களோடு என் பெயரைச் சொன்னேன்.

“அது இருக்கட்டும் லா சார். யாரு மவன்?”

“கிராணி நடராசா மகன்.”

“அட, சன்னல் கிராணி மவனா!” என்று சிரித்தார். அப்பாவுக்கு அப்படியொரு பட்டம் இருந்தது மேட்டிலிருந்த எங்களுக்குத் தெரியவே தெரியாது.

சரோஜாவின் கணவர் மணியம் பக்கத்து லயத்திலிருந்து தட்டில் கோப்பியோடு வந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயதுப் பெண்குழந்தை. நான் கோப்பியை எடுத்துக்கொண்டு, “இனி மருந்து வேண்டாம் மணியம். அது நோயில்ல, சாமிதான் பேசுது. திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துடலாம்” என்றேன்.

மணியம் தட்டைத் தரையில் வைத்தார். “மருந்த நிறுத்திட்டீங்களா?”

“இன்னிக்குக் காலையிலேருந்து.”

“ஐயோ சார். அன்னிக்கு இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு கெணத்துக்கிட்ட நின்னாளே. குதி குதின்னு சொல்லுதாம். நான் ஓடிப்போய்ப் புடிச்சதால ரெண்டும் இருக்கு. போலீசு வந்துடும்னு பயந்து ஆஸ்பத்திரியில சொல்லல.”

பரிதாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் முகம் வெளுத்தது.

“சாமின்னு யாரு சார் சொன்னது?” என்றார் கருப்பையா. நான் கோப்பியில் ஏதோ மிதப்பதுபோல் உற்றுப் பார்த்தேன்.

“சாமி வந்தா மூணு கேள்வி கேப்போம் லா. நீ யாரு, எங்கேருந்து வந்தே, எதுக்கு வந்தே. பேரச் சொல்லும், கொறையச் சொல்லும், துன்னூற வாங்கிக்கிட்டு மலையேறிடும். இதுகிட்ட மூணு வெள்ளிக்கெழமை கேட்டேன். பேரும் சொல்லல, எறங்கிப் போகவும் இல்ல. இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லன்னு நான்தான் என் லாரியிலயே ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நீங்க என்னடான்னா எங்கிட்டயே திருப்பி அனுப்புறீங்க!”

இதையும் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் ஸ்லைடுகள் மனத்துக்குள் ஒவ்வொன்றாக அணைந்தன. பரிதா கேட்டது ஒன்றுதான்: “டெலிபோன் எங்கே?”

தோட்ட அலுவலகத்தில் இருந்தது. அதே பச்சை வண்ணச் சன்னல், அதே கம்பிகள். சின்ன வயதில் அப்பாவின் மேசையருகே முக்காலியில் உட்கார்ந்து, கம்பிக்கு அப்பால் வந்துபோகும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த தோட்ட மக்கள் எல்லோரும் கழுத்துக்கு மேல்தான். இப்போதைய கிராணி எங்களை உள்ளே அழைக்கவில்லை. டெலிபோனைக் கம்பிவழியே நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றேன். வெளித்தரை ஒரு படி உயரம், சன்னலோ தாழ்வு. உள்ளே இருப்பவர் முகம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். அப்பா அன்பானவர், குனிந்த எல்லோரிடமும் அன்பாகத்தான் பேசினார்.

மணியம் குழந்தையை இறுகப் பிடித்தபடி பரிதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுத் தாதி தேடிப்போய்ப் பார்த்துவந்து சொல்ல நாலு நிமிடம் ஆயிற்று. சரோஜா கட்டிலில்தான் இருக்கிறார், காலையில் சாப்பிடவில்லை, மருந்தை உடனே கொடுத்துவிடுவார்கள், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மணியம் குழந்தையைக் கீழே இறக்கினார்.

மாலை நாலரைக்கு வார்டு. சரோஜாவின் குரல் மெல்லியது, கட்டிலோ தாழ்ந்தது. கேட்பதற்குக் குனிந்தேன்.

“பேர் சொல்லலன்னீங்களே, அது ஏன்மா?”

“சாமியா இருந்தா சொல்லியிருக்குமே சார். அதான் பயமா இருக்கு. நேத்தே சொன்னேன். நீங்க கும்புடாத கொறையா தலைய ஆட்டுனீங்க.”

“என்ன சொல்கிறார்?” என்றார் பரிதா. தலையாட்டல் உட்பட எதையும் விடாமல் மொழிபெயர்த்தேன். பரிதா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அவரைப் பார்த்து சரோஜாவின் உதடும் கொஞ்சம் வளைந்தது.

சனி காலை ஒன்பது மணிப் பேருந்து. அதே ஆறே முக்கால் வெள்ளி, அதே சண்டைப் படம். முந்தைய நாள் சட்டையைப் பையில் திணித்திருந்தேன். திறந்தபோது அந்தப் புளித்த நாற்றம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கோலாலம்பூரில் எங்கள் வீடு எட்டாவது மாடி. சன்னல்களெல்லாம் வசதியான உயரத்தில், கம்பியில்லாமல், நல்ல காற்றோட்டத்தோடு இருக்கின்றன. வெளியே வந்து நிற்கத்தான் ஆளில்லை.