கரடி ஒன்று

மலைக்காட்டில் ஒரு ஜமீனின் பழைய வேட்டை பங்களாவைக் குடும்பத்தோடு பார்க்கப் போயிருந்தோம். அங்கிருந்த ஒல்லியான வாட்ச்மேன், சுவரில் எழுதியிருந்த வேட்டைப் பட்டியலைத் துண்டால் துடைத்துவிட்டு, ‘கரடி ஒன்று’ என்ற வரிக்கு மட்டும் குங்குமம் வைத்தார்.

“கரடிக்கு எதுக்குங்க பொட்டு?” என்று சிரித்தேன்.

“அது எங்க தாத்தாங்க. மிருகத்தைக் கலைக்கத் தப்படிச்சுக்கிட்டு முன்னாடி போனவரு. மழைக்குக் கறுப்புக் கம்பளி போத்தியிருந்தாராம். சுட்டுட்டு, ஜமீன்தார் இப்படி எழுத வச்சுட்டாரு. வர்ற வாரம் இதுக்கும் வெள்ளையடிச்சுருவாங்க. அப்புறம் எங்க போயி பொட்டு வைக்கிறது?”

தை அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்ததும், அந்தத் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட நினைத்தேன்.

“பேரு சொல்லுங்கோ” என்றார் புரோகிதர்.

பெருமாளே, நானும் பேரைக் கேட்காமல்தான் வந்திருந்தேன்.