நான் தொட்ட ஆளும் தம்பி கேட்ட கேள்வியும்

தம்பியின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு கோர்ட்டில் நின்றவர்களுக்கும், அவரால் ஒரு காரியம் ஆனவர்களுக்கும் மூத்தவள் என்ற முறையில் என் வணக்கம். நான் மூன்றாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் இதை எழுதினாள். திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவளாகச் சேர்த்திருந்த இரண்டு அலங்கார வார்த்தைகளை எடுத்துவிடச் சொன்னேன், தம்பிக்கு அதெல்லாம் பிடிக்காது. வீட்டில் வாடா போடா என்று கூப்பிட்டவரை இந்த நினைவு மலரில் 'அவர்' என்று சொல்ல வாய் தயங்குகிறது. ஆனாலும் அச்சில் அதுதான் மரியாதை.

தம்பி பிறந்தது ஜீயபுரத்தில். வாழையும் நெல்லுமாகக் கொஞ்சம் நிலம். அவருக்கு மூன்று வயதாகும்போது அம்மா காலமாகிவிட்டார்கள். எனக்கு அப்போது பதிமூன்று. அப்பா வயலுக்குப் போய்விட்டால் தம்பி என் இடுப்பில்தான் இருப்பார். பிறகு ரயிலேறித் திருச்சிக்குப் போய்ப் படித்தார். சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்தார். எங்கள் வகையறாவில் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் அவர்தான். என் கணவர் போன பதினாறாம் நாள் வந்து நின்று, "பெட்டியைக் கட்டுங்கக்கா" என்றார். அன்று முதல் ஸ்ரீரங்கத்தில் அவர் வீடுதான் என் வீடு.

காலையில் நான் காய் நறுக்குவேன். தம்பி எதிரே உட்கார்ந்து பேப்பரில் கோர்ட்டுச் செய்தியைப் படித்துக் காட்டுவார். ஒரு நாள் நான் எட்டிப் பார்த்தேன்.

"ஏண்டா, அதுல திருடன் பிடிபட்டான்னு போட்டிருக்கு. நீ ஒரு ஆளைப் பிடிச்சிருக்காங்கன்னு படிக்கிறே?"

"அவங்க தப்பா போட்டிருக்காங்க. நான் திருத்திப் படிக்கிறேன்."

"பேப்பர்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

"ஜட்ஜுக்கே இன்னும் தெரியாதுக்கா. வழக்கு இப்பத்தானே ஆரம்பிக்குது."

தூக்குத் தண்டனை என்று செய்தி வந்தால் அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுவார். "அப்பீல் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நீதிபதிகளைப் பற்றிக் கேட்டால், "கோபக்காரர்கிட்டகூட வழக்கு நடத்திடலாம். ஊருக்குப் பஸ் பிடிக்கணும்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கேக்கறாரே, அவர்கிட்டதான் கஷ்டம்" என்பார். இதையெல்லாம் நான் வக்கீல்களின் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கென்று ஒன்று வரும்வரை அப்படித்தான்.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறும்போது, நெரிசலில் யாரோ என் கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான். நான் பார்த்தது ஒரு முதுகையும் தோளையும்தான். ஆனால் போலீசார், "முகத்தைப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டபோது, "பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். வக்கீல் வீட்டு அம்மாள் பேந்தப் பேந்த விழித்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு.

சில நாளில் ஒருவரைப் பிடித்தார்கள். ஜெயிலுக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் அடையாளம் காட்ட என்னை வரச் சொன்னார்கள். பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். அதில் போலீசார் சந்தேகப்பட்ட ஆள் ஒருவர், மற்றவர்கள் சும்மா நிறுத்தப்பட்டவர்கள். "ஆள் இதுல இருந்தா கிட்டப் போய்த் தொட்டுக் காட்டுங்க" என்றார் மாஜிஸ்ட்ரேட். அந்நிய ஆணைத் தொடுவதா என்று தயங்கி நின்றேன். அப்போது ஏழாவதாக நின்றவர் என்னைப் பார்த்ததும், மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டார். மற்றவர்கள் அசையவில்லை. இவன் மட்டும் ஏன் பதறுகிறான் என்று நினைத்தேன். போய்த் தோளைத் தொட்டுவிட்டேன். போலீசார் பிடித்திருந்ததும் அவரைத்தான்.

மறுநாள் பேப்பரில் 'திருடன் சிக்கினான்' என்று பெரிதாக வந்தது.

"இன்னைக்காவது உள்ளபடி படிடா. திருடன்தான். நானே தொட்டேன்."

தம்பி பேப்பரை மடித்து வைத்தார். "எதை வச்சுத் தொட்டீங்கக்கா?"

"என்னைப் பாத்ததும் பயந்துபோய் வேட்டியை இறக்கிவிட்டானே. தப்புப் பண்ணாதவன் ஏன் இறக்குறான்?"

தம்பியைத் தேடி வரும் கட்சிக்காரர்கள் வாசலில் என் தலையைக் கண்டதும் வேட்டியை இறக்கிவிட்டுத்தான் "ஐயா இருக்காங்களாம்மா?" என்று கேட்பார்கள். தினமும் நாலு பேர். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருவாமனையை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு மனிதர் எனக்குக் காட்டிய மரியாதையை வைத்து அவரைத் திருடனாக்கியிருக்கிறேன்.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா சாட்சியைக் கலைச்ச மாதிரி. கேட்டது ஒரு கேள்வி, அதோட என் வேலை முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டில் நான் புலம்பியது எப்படியோ பரவி, வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இப்ப நீங்க மாத்திச் சொன்னா, வக்கீல் ஐயாதான் அக்காவைத் திருப்பிட்டாருன்னு பேசுவாங்கம்மா. அவர் பேரு என்னாகும்? யோசிச்சுக்கங்க" என்றார்.

அதுதான் என்னை ஆட்டிவிட்டது. அந்த ஆளை விட்டால் தம்பி பேர் போகும். தம்பி பேரைக் காத்தால் அந்த ஆள் உள்ளே போவார். சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். "பேசறவங்க பேசட்டும்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறினேன். எதிரே அந்த மனிதர் நின்றார். மருங்காபுரிப் பக்கம் மானாவாரி விவசாயம், கடலை விற்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏற நின்றவர், ஜாமீன் எடுக்கக்கூட ஆளில்லாமல் இரண்டு மாதம் உள்ளே இருந்தவர் என்று அவருடைய வக்கீல் சொன்னார். "இவர்தானே?" என்று போலீஸ் தரப்பில் கேட்டார்கள்.

"தெரியாதுங்க. நான் முகத்தைப் பாக்கலை. பாத்தேன்னு சொன்னது பொய். இவர் வேட்டியை இறக்கினதைப் பாத்துத் தொட்டுட்டேன்."

போலீஸ் தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினார். "உங்க தம்பி சொல்லிக் கொடுத்ததுதானே இது?"

"அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அவன் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன், அவன்கிட்டயே கேட்டுப் பாருங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கைக் கேட்ட மாஜிஸ்ட்ரேட்டும் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, பொய் சொன்னதற்காக என்னைக் கண்டித்தார். கண்டிக்க வேண்டியதுதான். மறு வாரம் அந்த மனிதரை விடுதலை செய்துவிட்டார்கள். அன்றைக்கு என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் இன்னும் நினைவில் இருக்கிறது. சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. அதை நான் தேடவும் இல்லை.

சிக்கியதைப் பெரிதாகப் போட்ட பேப்பரில் விடுதலையைப் பற்றி ஒரு வரி இல்லை. தம்பிக்கு என் வழக்கில் வந்த ஒரே கோபம் அதுதான். மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்குப் பிறகு, ஒரு கல்யாண விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது. அதைக் கத்தரித்து உறையில் போட்டு மருங்காபுரிக்கு அனுப்பினார்.

"அவருக்குத்தான் தெரியுமேடா, எதுக்கு அனுப்பறே?"

"அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்ல?"

சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபடி சிலர் பேசத்தான் செய்தார்கள். ஒரு வருஷம்போலத் தம்பியிடம் வழக்குகள் குறைந்தன. அவர் ஒரு தடவைகூட என்னிடம் அதைச் சொன்னதில்லை. பிறகு தானாகச் சரியாயிற்று.

போன வருஷம் இதயக் கோளாறு என்று படுத்தார். வலி அதிகம் இல்லை, அது கடவுள் கொடுத்தது. ஒரு காலை, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் வீம்பா, இவன்தான்னு நின்னிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"அந்த ஆளுக்கு நானே ஆஜராகி உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணியிருப்பேன்."

"என்னையா?"

"அக்காங்கறதால கொஞ்சம் மெதுவா."

இரண்டு பேரும் சிரித்தோம். நாலாம் நாள் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். இழுபறி இல்லாமல் போனார் என்பதில் எங்களுக்கு ஆறுதல்.

வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், வழக்குக் கட்டுகளைத் தவறாமல் உரியவர்களிடம் சேர்த்த ஜூனியர்களுக்கும், பதினாறு நாளும் அடுப்புப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அன்று எனக்குப் புத்தி சொன்ன மாஜிஸ்ட்ரேட்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருங்காபுரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. விடுதலையான அன்று கூட்டத்தில் அவர் போய்விட்டார். இந்த மலரில் ஒன்றை அவர் ஊருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் விடுதலையானதால்தான் தம்பியின் படத்துக்கு முன்னால் என்னால் கூசாமல் நிற்க முடிகிறது.

– அக்கா