உருண்டைகள் போன இடம்

கல்லை அரைத்துப் பெயின்ட்டுக்கு மாவாக்கும் ஆலையில் அவள் ஸ்டோர் கீப்பர். பதினேழு வருடமாக அதே ஜன்னல், அதே மேசை, அலமாரி நிறைய அட்டைகள். பொருள் வாங்க வருகிறவரை அவள் சும்மா விடமாட்டாள். "இது எங்க போகுது?" என்று கேட்டுப் பதில் வாங்கிவிட்டுத்தான் கொடுப்பாள். அதனால் ஆலை முழுக்க அவளுக்கு 'எங்கே அக்கா' என்றே பெயர்.

அட்டை எழுத அவளுக்கென்று ஒரு வழி உண்டு. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் கேட்டு வந்தால் அந்தப் பொருளின் அட்டை இயந்திரக் கட்டில். அரவை ஆட்கள் கேட்டு வந்தால் மூலப்பொருள் கட்டில். கல்லை நொறுக்கச் சுழலும் டிரம்முக்குள் போடும் இரும்பு உருண்டைகளை ஃபிட்டர்தான் வாங்கிப் போவார்; டிரம் மூடியைக் கழற்றும் ஸ்பேனர் அவரிடம் இருந்ததே காரணம். ஆக, உருண்டைகள் இயந்திரக் கட்டில் ஏறிவிட்டன.

வம்பு அங்கேதான் தொடங்கியது. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை ஆலை பிறகு கழித்துக்கொள்ளலாம். உற்பத்தியில் தீர்ந்துபோகிற பொருள் என்றால் உடனே முழுதாக. இயந்திரத்தைச் சேர்ந்த மூலதனப் பொருள் என்றால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. ஆலை முழுதாகக் கழித்திருந்தது. வரி அதிகாரி வந்து அவளுடைய அட்டையைத் தூக்கிக் காட்டினார். "உங்க ஸ்டோரே மெஷின் பாகம்னு எழுதியிருக்கே!"

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுல தோத்தா நீங்க வேலைக்கு வர வேண்டாம்மா."

அன்று இரவு தையல்காரரான கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். பயம் ஒரு பக்கம். அதைவிட வேறொன்று மனதைக் குடைந்தது. ஸ்டோரில் பழையதைக் கொடுத்தால்தான் புதியது. உருண்டைக்கு மட்டும் ஃபிட்டர் பழையதைக் கொண்டுவந்ததே இல்லை. கேட்டால், "திருப்பித் தர என்னக்கா இருக்கு?" என்று சிரிப்பார். ஆள் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசை விழுங்குகிறார் என்றே இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள்.

"நீ போய்ப் பாத்தியா?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி. "எல்லாரையும் எங்கேன்னு குடையற ஆளு, கேட்டதோட நிறுத்திக்கிட்டியே!"

சுருக்கென்றது. மறுநாள் அதிகாரியிடமே கேட்டுவிட்டாள். "சார், டிரம்மைத் திறந்து பாத்துடலாமா?" மேலாளர் முறைத்தார். அதிகாரிக்கும் ஆவல்தான், தலையாட்டினார்.

மூடி கழன்றது. ஃபிட்டர் உள்ளே துழாவி ஒன்றை எடுத்தார். புது உருண்டை அவள் கைக்குள் அடங்காது. இது பட்டாணி அளவு இருந்தது.

"மீதி எங்க?" என்றார் அதிகாரி.

"மாவோட மாவா லாரி ஏறிப் போயிடுச்சு சார்," என்றார் ஃபிட்டர்.

அவளுக்கு வாயெல்லாம் பல். கூடவே ஃபிட்டர் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ தீர்ந்துபோற பொருள்தான், ஆலை சொன்னது சரி," என்றார் அதிகாரி. "ஏம்மா அட்டையில மாத்தி எழுதினீங்க?"

வாயைத் திறக்காதே என்று மேலாளர் கண்ணைக் காட்டினார். அவளுக்கு மறைக்க மனம் வரவில்லை. "யாரு கேட்டு வராங்களோ அதை வெச்சுத்தான் சார் எழுதுவேன். எல்லாத்தையுமே அப்படித்தான்."

"எல்லாத்தையுமா? மொத்தம் எத்தனை அட்டை?"

"நானூத்துப் பன்னெண்டு சார்."

அதிகாரி மேலாளரிடம் திரும்பினார். "அத்தனையையும் பாக்கணும். ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தம்மாவை எங்கயும் அனுப்பிடாதீங்க. இவங்க இல்லாம இதைப் பிரிக்கவே முடியாது."

மேலாளர் உட்கார இடம் தேடினார். அவளுக்கோ வேலை தப்பியதில் கால் தரையில் பாவவில்லை. முதல் அட்டைக்கட்டை எடுத்துவர அப்போதே ஓடிவிட்டாள்.