பந்து வராத பக்கம்

விளையாட்டு வீரர்களுக்குப் புள்ளி போடும் தொழிலில் ஆட்டத்தைப் பார்ப்பது சுகம். பார்த்ததை மேலதிகாரி நம்பும்படி சொல்வதுதான் பாடு. யாருக்காவது பதிலாக வேலை செய்து தலையிடி வாங்கியவர்கள் இதை வாசித்தால் என் பக்கம்தான் நிற்பார்கள்.

டென்மார்க்கில், ஒடென்சேயில் ஒரு சின்ன அலுவலகம். பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கழகங்கள் ஒரு வீரரை வைத்திருப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க, ஆட்ட வீடியோக்களைப் பார்த்து நாங்கள் அறிக்கை கொடுப்போம். புள்ளியியல் படித்த என்னை, பிரசவ லீவில் போன மெட்டேயின் கதிரைக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். இலங்கையில், வன்னியில் சண்டை முடிகிற நேரம் அது.

குந்தியிருக்கிற வேலை

எனக்கு வந்தவர் ஒரு பதில் கோர்னர்பாக். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை ஒட்டியே ஓடி மறிப்பது கோர்னர்பாக்கின் வேலை. முதல் ஆள் காயப்பட்டால்தான் இவர் இறங்குவார். இவருடைய ஒப்பந்தத்தை நீட்டுவதா என்பதுதான் கேள்வி.

இதை வீட்டில் விளக்கினேன். அப்பா ரிவிச் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"அப்ப மற்றவன் விழுமட்டும் குந்தியிருக்கிறதுக்கோ பிள்ளை சம்பளம்?"

சைபர்

மேலதிகாரி ஹென்ரிக்கின் முறை இதுதான்: பந்து அந்தப் பக்கம் வந்து, அதைத் தடுத்தால் ஒரு புள்ளி, விட்டால் ஒரு புள்ளி கழியும், பந்தே வராவிட்டால் சைபர். என் ஆளுக்கு விழுந்ததெல்லாம் சைபர்.

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பந்து எறிகிறவன் முதலில் இவர் பக்கம்தான் பார்க்கிறான். கையைக்கூட ஓங்குகிறான். பிறகு மனம் மாறி வேறு பக்கம் எறிகிறான். எறிய இவர் இடம் வைக்கவில்லை. நாலு பேர் முன்னால் கதைக்க வேண்டி வந்தாலே முகம் சிவக்கிற நான், இதைத் தட்டுத்தடுமாறி ஹென்ரிக்குக்குச் சொன்னேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். பிறகு 'விடலாம்' என்று எழுதச் சொன்னார்.

"இதிலே ஒன்றும் நடக்கவில்லையே. நடக்காததுக்கு நான் எப்படிப் புள்ளி போடுவது?"

விசாரிப்பு

சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநாளும் வேலைக்குப் போனேன். வன்னியிலிருந்த பெரியம்மா வீட்டாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தா. அந்த வீட்டில் இருப்பதைவிட சைபர் போடுவது மேல் என்று தோன்றியது.

பக்கத்து மேசை சோரன் நல்ல மனுஷன். பத்திரிகையில் படித்துவிட்டு, கேட்பதற்கென்றே எழுந்து வந்தார். அவர் கேட்டதற்கு நான் நன்றி சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

"உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே. இனி வீட்டில் எல்லோருக்கும் நிம்மதிதானே?"

அமெரிக்காவிலிருந்து

அடுத்த கிழமை அந்த வீரரின் கழக அதிகாரி தொலைபேசியில் வந்தார். அறையில் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, ஹென்ரிக் அறிக்கையை வாசித்தார். வீடியோ முழுவதையும் யாராவது பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். ஹென்ரிக் ஜன்னலைப் பார்த்தார்.

பெரியம்மா ஒரு முகாமில் இருக்கிறா என்று அன்று காலைதான் தகவல் வந்திருந்தது. அந்தத் தைரியமோ என்னவோ, வாயைத் திறந்துவிட்டேன். பார்த்தது நான்தான் என்றேன். அந்த வீரர் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை, நடக்க அவர் விடவில்லை என்றேன். எந்த ஆட்டம், எந்த இடம் என்று அதிகாரி கேட்டார், சொன்னேன். அவர் அங்கே போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. கடைசியில், ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டுகிறோம், அடுத்த முறையும் இந்தப் பெண்ணே பார்க்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹென்ரிக்குக்கு உண்மையிலேயே சந்தோஷம். என் தோளில் தட்டினார்.

"அருமையாகச் சொன்னாய். என்ன, அடுத்த முறைக்கு மெட்டே வந்துவிடுவாள்."

பதில் கோர்னர்பாக்குக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. பதில் ஆளான எனக்கு, மெட்டே குழந்தையின் படங்களோடு திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் சுற்றி நின்று வெட்டிய ஒரு பிரியாவிடைக் கேக் கிடைத்தது.