சோறு எனக்கு, தவிடு அவர்களுக்கு

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் எனக்கு நடந்தது இது, நடந்த வரிசையில்:

1. சிராங்கூன் சாலையில் நடக்கும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்றது. பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

2. இரண்டு கால்களும் முழங்கால்வரை வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

3. தொலைபேசி இணைப்பகத்தில் பயிற்சி பெற்று வேலை பார்த்துவந்தேன். ஒருநாள் இருக்கையிலிருந்து எழ முடியவில்லை.

4. படுத்தால் மூச்சு முட்டியது. அண்ணன் என்னை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் அசையவில்லை. பெரிபெரி (தவிட்டில் உள்ள சத்து கிடைக்காமல் நரம்பும் இதயமும் கெடும் நோய்) என்றார். இப்படியே விட்டால் இதயம் நின்றுவிடலாம் என்பதையும் மறைக்கவில்லை. போடுவதற்கு ஊசிமருந்து இல்லை.

"என்ன சாப்பிடுறீர், பிள்ளை?"

"சோறு, டாக்டர்."

"இந்தக் காலத்தில சோறோ? வீட்டில எல்லாருமோ?"

"எனக்கு மட்டுந்தான். வேலைக்குப் போற பொண்ணுன்னு அண்ணி ரேஷன் அரிசி முழுசையும் எனக்கே ஆக்கிப் போடுறாங்க. அவங்களும் அண்ணனும் மரவள்ளி மாவுல கோழித் தவிட்டைப் பிசைஞ்சு அடை தட்டிக்கிறாங்க. வடிச்ச கஞ்சியையும் அவங்கதான் குடிக்கிறாங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அவைக்கு ஏன் இந்த நோய் வரேல்லை எண்டு இப்ப விளங்குதோ?"

தீட்டிய வெள்ளை அரிசியில் அந்தச் சத்து மிகக் குறைவு. ரேஷன் அரிசியோ பூச்சி பிடிக்காமலிருக்கப் போட்ட சுண்ணாம்பு படிந்து வரும்; அதைப் போக்க அண்ணி திரும்பத் திரும்பக் கழுவுவார். மிச்சமிருந்ததும் கழுநீரோடும் கஞ்சியோடும் போய்விட்டது. அவர் எவ்வளவு அன்பாகச் சமைத்தாரோ அவ்வளவுக்கு நான் பட்டினி கிடந்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "நானே ஊட்டி ஊட்டி உன்னைக் கொல்லப் பார்த்திருக்கேனே."

"அழுதது போதும்," என்றார் அண்ணன். "கோழிக்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா. இனிமே அதோட சாப்பாட்டுல இவளும் பங்கு கேப்பா லா."

தவிட்டை வறுத்து, சலித்து, பாசிப்பயறோடு கஞ்சி காய்ச்சினார் அண்ணி. முதல் கிண்ணத்தை வாங்கியபோது, "நன்றி அண்ணி," என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னடி, மேடையில பேசுற மாதிரி? நான் என்ன வெளியாளா?"

இணைப்பகத்தில் முகம் தெரியாதவர்களுக்கு நாள் முழுவதும் சொல்லிய சொல் அது. வீட்டுக்குள் அது ஆளைத் தள்ளி நிறுத்துகிறது. ஏற்கெனவே குற்ற உணர்வில் இருந்தவரை நான் இன்னும் தள்ளி நிறுத்திவிட்டேன்.

படுத்துக்கிடப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. அண்ணியின் கைகளைப் பார்த்தேன். மறுநாள், பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"அண்ணி, சுண்ணாம்புல கழுவிக் கழுவி உங்க விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கு. எனக்குப் போட்ட சோத்துல ஒருநாளும் கல் இருந்ததில்ல."

அவர் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "அதையெல்லாம் பார்த்தியா நீ?" என்றார். அன்றுதான் அவரும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு அது பழக்கமாயிற்று. அண்ணன் என்னைத் தூக்குமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வதைச் சொன்னேன். மாடிவீட்டு மலாய்க்கார அம்மா, நான் தூங்கும் வேளையில் மரக்கட்டைச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதை அவரிடமே சொன்னேன்.

"ஆரம்பிச்சுட்டா உங்க தங்கச்சி," என்பார் அண்ணி, அண்ணனிடம். ஆனால் கேட்காமல் நகர மாட்டார்.

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு: தவிட்டை விடாதீர்கள். கசந்தாலும் சாப்பிடுங்கள். உங்களைச் சுற்றி நடமாடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததை அவர்களிடம் சொல்லுங்கள். இது நோயைத் தீர்க்காது. என்னைக் குணமாக்கியது தவிடுதான். ஆனால் குணமாகும்வரை வீட்டில் யாரும் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை.

மூச்சு முதலில் இலகுவாயிற்று. பிறகு வீக்கம் வடிந்தது. நடை கடைசியாக வந்தது.

இப்போதைய நிலை: வலது காலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. இடது பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது. அது எங்கே ஊன்றுகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் அடி வைக்கிறேன். சந்தைக்குப் போய்வர ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டில் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். ஒரே பானையில் ஆக்கியதைச் சாப்பிடுகிறோம்.