தங்கச்சிக்கு வெள்ளியில் ஒரு நுரையீரல்

தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் வெறும் காற்று வரும். மெல்லத் தொடங்கி, இடையிடையே விக்கி, கீச்சுக்குரலாக ஏறி, அதற்கப்புறம்தான் தண்ணீர் கொட்டும். இராசபாளையத்தில் எங்கள் தெருவில் குடமும் கையுமாக நின்றிருந்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷம். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் எரியும். ஏனென்றால் என் தங்கை ராமலட்சுமியின் நெஞ்சுக்குள்ளிருந்தும் அதே சத்தம்தான் வரும், அந்தச் சத்தம் வந்துவிட்டால் என் அம்மா எனக்கு அம்மாவாக இருக்கமாட்டாள், அவளுக்கு மட்டும் அம்மாவாகிவிடுவாள்.

அவளுக்கு "இளைப்பு", ஆஸ்துமாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்கினால் எங்கள் வீட்டில் ஜன்னல் சாத்தப்படும். மழை பெய்யுமா பெய்யாதா என்பதை ஊரார் வானத்தைப் பார்த்துச் சொல்லுவார்கள், அம்மா ராமலட்சுமியின் முதுகில் காதை வைத்துச் சொல்லுவாள். அவள் தண்ணீர் எடுக்க வேண்டாம், வாசல் கூட்ட வேண்டாம், தூசி ஆகாது. தூதுவளை ரசத்தில் முதல் கரண்டி அவளுக்கு. தலை குளித்தால் ஓமம் வறுத்த துணிப்பொட்டலம் அவள் நெஞ்சுக்கு. படுக்கும்போது அம்மாவின் கை அவள் முதுகில், காலையில் எழுந்து பார்த்தாலும் அம்மாவின் கை அதே இடத்தில். நான் மூத்தவள். எனக்கு எல்லாம் ஆகும். எல்லாம் ஆகிறவளுக்கு எதுவும் கிடைக்காது என்பதை நான் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். வேலை விட்டு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், பார்க்கக் கிழவனார் மாதிரி இருப்பார். பஞ்சுத் தூசி தங்கச்சிக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது. பின்பக்கம் போய், சட்டையைக் கழற்றி, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதற்குப் பிறகுதான் உள்ளே வரவேண்டும். அந்தச் சட்டையை வேப்பமரத்தடியில் உதறிப் போடுவது என் வேலை. ஒருநாள் எனக்கு இரண்டு தும்மல் வந்தது. அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி காளி, ஒன் தும்மலுக்கு ஓட்டுல இருந்த காக்கா பறந்து போச்சு. எருமைக்கு இருக்கிற நெஞ்சுல்லா ஒனக்கு."

ஒரு ஐப்பசியில் எனக்கும் நிஜமாகவே சளி பிடித்துக் காய்ச்சலும் வந்தது. நான் மனசுக்குள் மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காதை வைத்தாள். அந்தச் சூடான காது மடல் என் முதுகில் பட்டதை இன்றைக்கும் சொல்லுவேன். செத்த நேரம்தான். "ஒனக்கு உள்ள ஒண்ணுமில்லட்டி. கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு நாள்ல போயிரும்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்ன மாதிரியே போய்விட்டது.

அந்த வருஷம் எங்கள் அறிவியல் புத்தகத்தில் சுவாச மண்டலம் பாடம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள், நான் என் எதிராளியைத் தெரிந்துகொள்வதற்காகப் படித்தேன். மூக்கு வழியாகப் போகிற காற்று அங்கேயே சூடாகி, ஈரமாகி, தூசி வடிந்து, தொண்டை, குரல்வளை தாண்டி மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. அந்தக் குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து, மயிரிழையாக மெலிந்து, கடைசியில் திராட்சைக்குலை மாதிரி சின்னச் சின்னக் காற்றறைகளில் போய் முடிகிறது. அங்கேதான் இரத்தம் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு கெட்ட காற்றைக் கொடுக்கிறது. நுரையீரல் தானாக விரியாது, அதற்குக் கீழே உதரவிதானம் என்று ஒரு தசை பாய் மாதிரி கிடந்து, அது இறங்கினால்தான் மேலே காற்று நிறையும். இடப்பக்கத்து நுரையீரல் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னது, இருதயத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியிருக்கிறது என்று டீச்சர் சொன்னபோது, எங்கள் வீட்டில் அப்படி ஒதுங்கி இருப்பது யார் என்று எனக்கு உடனே தெரிந்தது.

டாக்டர் அறைச் சுவரிலும் அதே படம் பெரிதாகத் தொங்கும். "இந்தச் சின்னக் குழாயெல்லாம் சுருங்கிப் போகுதும்மா. உள்ள சளியும் சேருது. பிள்ளைக்குக் காத்த உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறதுதான் பாடு" என்று அவர் விளக்கினார். அப்பா படத்தையே பார்த்துவிட்டு, "எங்க மில்லுல பஞ்சு உறிஞ்சிற குழாயும் இப்பிடித்தான் கெடக்கும் சார். அடைச்சா நாங்க கழட்டித் தட்டிருவோம்" என்றார். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கழற்றித் தட்ட முடியாததை யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஆத்தாளிடம் கேட்க வேண்டும் என்று அம்மா அப்போதே முடிவு செய்திருப்பாள்.

அந்தக் கார்த்திகையில் ராமலட்சுமிக்கு ஒரு பொழுது விடியும்போது உதடு நீலம் பாரித்துவிட்டது. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடியை வைத்துப் புகை மருந்து கொடுத்து அவள் கண் திறந்ததும், அம்மா மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள்: பிள்ளை பிழைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு "உரு" சாத்துவதாக. கண் நோவென்றால் கண், கால் நோவென்றால் கால் என்று வெள்ளித் தகட்டில் செய்து காணிக்கை வைப்பதுதான் உரு.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். பால்கோவா கடைகளைத் தாண்டித்தான் கோயிலுக்கு நடந்தோம். பால்கோவா தங்கச்சிக்குச் சளி கட்டும், ஆகாது. அவளுக்கு ஆகாததை அவள் கண்முன்னால் தின்னக்கூடாது என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு அவள் கூட வரவில்லையே என்று நான் கடைப்பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தேன். அம்மா பார்க்கவில்லை.

கோயில் வாசலில் உரு விற்கிற ஆச்சி தட்டைத் தள்ளிக் காட்டினாள்.

"கண்ணு இருக்கு, கை இருக்கு, கால் இருக்கு, வயிறு இருக்கு. தொட்டிலும் பிள்ளையும்கூட இருக்கு. எதும்மா வேணும்?"

"நுரையீரலு வேணும் ஆச்சி."

"அதெல்லாம் யாரு கேக்கா? முழு ஆளு உரு வாங்கிட்டுப் போ. அதுக்குள்ள எல்லாம் அடக்கம்தான்."

"நான் நேந்தது நுரையீரலு. மாத்திச் செஞ்சா ஆத்தா ஒத்துக்கிடுவாளா?"

"அப்போ ஆசாரிகிட்டப் போ தாயி. அவர் அடிச்சுக் குடுப்பார்."

இரண்டு தெரு தள்ளி இருந்த ஆசாரி யோசித்தார். "கை அடிச்சிருக்கேன், காது அடிச்சிருக்கேன், கர்ப்பப்பை வரைக்கும் அடிச்சிருக்கேன். இத நான் கண்ணால பார்த்ததில்லயே. படம் இருந்தா கொண்டாங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இளைப்பு எங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அம்மா எனக்காக என்னைப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குப் பட்டது. "காளி, ஒன் பொஸ்தகத்துல இருக்குன்னயே. வரைஞ்சு குடுப்பியாட்டி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து வரைந்தேன். புத்தகத்தில் எப்படியோ அப்படியே: ஒரு பக்கத்து நுரையீரல் மேல்தோலோடு வழவழவென்று இருக்கும், மறுபக்கம் வெட்டித் திறந்து உள்ளே குழல்கள் கிளை விட்டுப் போவதைக் காட்டியிருக்கும். அந்தக் கிளைகளை நான் ஒன்றுவிடாமல் போட்டேன். ராமலட்சுமி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இது என்னுதாக்கா?" என்றாள். "ஒன்னுதுதான். தள்ளிப் போ" என்றேன். அம்மா நடுவில் வந்து என் தோளுக்கு மேல் குனிந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. படம் முடியாமலே இருக்கட்டும் என்று இன்னும் நாலு கிளை சேர்த்து வரைந்தேன்.

ஆசாரி கெட்டிக்காரர். அரக்கின்மேல் தகட்டை வைத்து உளியால் தட்டித் தட்டி, என் கோடு போன இடமெல்லாம் வெள்ளிக்கோடு போயிருந்தது. உள்ளங்கை அளவுதான். மேலே மூச்சுக்குழல் வளையம் வளையமாக, ஒரு பக்கம் மினுமினுவென்று, மறுபக்கம் நான் சேர்த்த கிளைகளோடு. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஒரு பக்கம் சுத்தமா இருக்கு, ஒரு பக்கம் வேரு பிடிச்சுக் கெடக்கு?"

"பாப்பா படத்துல அப்பிடித்தான் இருக்கும்மா."

"இது சாமிகிட்டப் போறது. நோவோட செஞ்சு குடுத்தா ஆத்தா என்ன நெனப்பா? பாதி போதும்னு கேக்காளாக்கும்னு பாதிதான் குடுப்பா. அந்தப் பக்கத்தத் தட்டி வழிச்சு விடுங்க."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்தேன். "அம்மா, அது நோவு இல்லம்மா. அது வழியாத்தான் காத்து போகும். எல்லாருக்கும் உள்ள அப்பிடித்தான் இருக்கும். ஒனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

அம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஒனக்கு இருந்தா இருக்கட்டும்ட்டி. அவளுக்கு வேண்டாம்."

ஆசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தகட்டைத் திருப்பி வைத்துத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிளை அமுங்கியது. அவர் ஊதித் துடைத்துக் கொடுத்தபோது இரண்டு பக்கமும் வழவழவென்று, மாவிலை இரண்டை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாத்தப் போன செவ்வாய்க்கிழமை அப்பாவும் லீவு போட்டு வந்தார். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார். அம்மா தங்கச்சி பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். பூசாரி அப்பாவைப் பார்த்து, "வீட்ல மத்தவிய பேரும் சொல்லுங்க" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவளுக்கு மட்டும் போதும் சாமி. மத்தவியளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னாள், அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் நான் அம்மன் முகத்தைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வயது ஏற ஏற ராமலட்சுமிக்கு இளைப்பு குறைந்தது. வாயில் வைத்து அடிக்கிற பம்பு மருந்து வந்தது, அப்பா மில்லை விட்டார், அவளும் பெரியவளானாள், அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். உரு சாத்தியதால் என்று அம்மா சொன்னாள். மருந்து கொடுத்த கையும் ஆத்தாளின் கைதான் என்பது என் எண்ணம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கிளை இல்லாத நுரையீரலைக் கொண்டுபோய் வைத்தும், கிளையுள்ளதாகத்தானே அவள் சரிசெய்து கொடுத்தாள்.

அப்பா போய்விட்டார். மற்ற உருக்களோடு சேர்த்து அந்த உருவையும் என்றைக்கோ உருக்கியிருப்பார்கள். ராமலட்சுமி கோயம்புத்தூரில் இருக்கிறாள். காலையில் நடைப்பயிற்சி போகிறாள், பிள்ளைகளோடு மலையேறிவிட்டுப் படம் அனுப்புகிறாள். அந்த இளைப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. என்னிடம் இருந்ததுதான் போகவில்லை.

அம்மா என்னோடு இருக்கிறாள், எங்கள் மாடியறையில். கண் மங்கிவிட்டது, ஆள் அசைவு மட்டும் தெரியும். போன மாதம் ராமலட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் வந்து படியேறினாள். அவள் கடைசிப் படியில் கால் வைக்குமுன் உள்ளே இருந்து அம்மா, "லட்சுமியாட்டி?" என்றாள். ராமலட்சுமிக்கு ஆச்சரியம். "எப்பிடிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டதற்கு, "ஒன் மூச்சு எனக்குத் தெரியாதா? இப்போ எம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்று அவள் முதுகைத் தடவினாள். எனக்கும் வயதாகிவிட்டது, உடம்பும் கனத்துவிட்டது. கஞ்சி, மாத்திரை, வெந்நீர் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அந்தப் படியில் ஏறுகிறேன், மேலே போவதற்குள் இரைக்கிறது. இப்போதெல்லாம் கடைசிப் படியில் கொஞ்சம் நின்று, அந்த இரைப்பை அடக்காமல், கதவுக்கு வெளியே நன்றாக மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உள்ளேயிருந்து அம்மா கேட்கிறாள்: "யாரது, கேஸ் சிலிண்டர்காரரா?"